குரலும் துணைக்கருவியும்

எழுதப்பட்டது எதுவும் கண்ணால் வாசிப்பதற்கே உரியது என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் முதல் வஹீயின் முதற்சொல்லே ஓதுமாறு பணிக்கும் சொல் என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர். நாம் வாழும் உத்திரமேரூரும் இதற்கு ஒரு சான்று தருகின்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைக் கூறுவதால் இவ்வூர் புகழ்பெற்றது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் வாசிக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஓலையில் எழுதியிருப்பது போதாது. குரலில் ஏறிய பின்னரே அது ஊரறிந்த உண்மையாகும் என்பதே அதன் கருத்து.

இச்சிந்தனையை நம்முள் கிளறிவிட்டவை, நம்மிடம் அரபு பயின்று இப்போது வெளிநாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர் கைப்பேசி வழியே அனுப்பிய சில ஒலிப்பதிவுகள். ஜாக் கெரொவாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தம் கவிதைகளைத் தாமே வாசிக்க, ஜாஸ் கலைஞர்கள் உடன் வாசிக்கும் பதிவுகள் அவை. 1962-இல் இந்தியா வந்து கல்கத்தாவிலும் காசியிலும் தங்கிச் சென்ற ஆலன் கின்ஸ்பர்க்கைப் போல, கெரொவாக்கும் ‘பீட் தலைமுறை’ எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1922-இல் பிறந்தவர். வீட்டில் அவர் பேசியது பிரெஞ்சு. ஆங்கிலம் பின்னர் கற்றுக்கொண்ட மொழி. 1959-இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டில் ஸ்டீவ் ஆலன் பியானோ வாசிக்கின்றார். அதே ஆண்டின் மற்றொன்றில் ஆல் கோன், ஸூட் ஸிம்ஸ் என்னும் இருவர் சாக்ஸபோன் ஊதுகின்றனர்.

இவ்வெழுத்தாளரின் வாழ்க்கை நமக்கு முன்மாதிரியன்று. மதுவே அவரை 47-ஆம் வயதில், 1969-இல், மண்ணுக்குள் அனுப்பியது. அவர் சொல்லும் பொருள்களிலும் நமக்கு உடன்பாடில்லாதவை பல. எனினும் ஹிக்மத் எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கது என்பது நம் முன்னோர் நெறி. ஆதலின் செவி கொடுத்தோம்.

செவியில் முதலில் பட்டது அவருடைய மூச்சு. சாக்ஸபோன் ஊதுபவன் ஒரு மூச்சு உள்ளவரை ஊதி, மூச்சு முடிந்ததும் நிறுத்துவதைப் போலவே எழுத்தாளனும் தன் வாக்கியத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சிறு கவிதைகளை வாசிக்குமிடத்தில் மூன்று வரி சொல்லி நிறுத்துகின்றார். உடனே குழல் விடையிறுக்கின்றது. அது ஓய்ந்ததும் அடுத்த மூன்று வரி. குரல் பேசும்போது குழல் குறுக்கிடுவதில்லை. நல்ல சபையில் இருவர் உரையாடும் ஒழுங்கு அது.

தஜ்வீது பயின்ற செவிக்கு இது புதுமையன்று. மத்து எழுத்தை இரண்டு, நான்கு, ஆறு ஹரகத்து என அளந்து நீட்டவும், வக்ஃபு கண்ட இடத்தில் நிறுத்தவும் மதரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கின்றோம். தமிழிலும் தொல்காப்பியர் மாத்திரையையும் அளபெடையையும் வகுத்து வைத்தார். ஆயினும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கெரொவாக்கை நிறுத்துவது மூச்சு. காரியை நிறுத்துவது பொருள். மூச்சு மிச்சமிருந்தாலும் பொருள் நிறைந்த இடத்தில் நிற்க வேண்டும். மூச்சு போதாவிடினும் பொருள் திரியும் இடத்தில் நின்றுவிடலாகாது. நிற்க நேர்ந்தால் பின்சென்று எடுத்தோத வேண்டும். இவ்வொழுக்கம் ஒரு சமுதாயத்தின் ஆயிரத்து நானூறு ஆண்டுப் பயிற்சி.

துணைக்கருவி குறித்து ஒரு சொல். இசைக்கருவிகளைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் இங்கு நாம் புகவில்லை. திருக்குர்ஆனுக்கு எக்கருவியும் துணை வேண்டா என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூது நபியின் குடும்பத்தாருடைய குழல்களில் ஒன்று அவருக்கு அருளப்பட்டதாகப் பாராட்டினார்கள். மனிதனின் தொண்டையையே குழல் என்றார்கள்! இதனை அறிந்தவனுக்கு, அந்த அமெரிக்கப் பதிவில் சாக்ஸபோன் ஏன் மனிதக் குரலைப் போல் ஒலிக்கின்றது என்பதும் விளங்கும்.

பாட்டும் கவிதையும் வேறு. அவற்றில் நம் தமிழ் முஸ்லிம்களின் செல்வம் சிறிதன்று. 5027 பாடல்களைக் கொண்ட உமறுப் புலவரின் சீறாப்புராணம் விருத்தத்தில் அமைந்தது. விருத்தத்தைத் தாளக் கட்டின்றி இராகத்தில் இழுத்துப் பாடுவதே தமிழ் மரபு. பாடுபவர் சொல்லின் பொருளுக்கேற்ப நிற்பார், நீட்டுவார், மடக்கிச் சொல்வார். பக்கவாத்தியம் இருந்தால் அது பின்னே வரும். 1959-இல் நியூயார்க்கில் புதுமை என்று பேசப்பட்டது இங்கே பழைய வழக்கம். குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) பாடல்களைப் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடித் தெருவில் வருவார்கள். ஓரடி பாடி, ஓரடிக்குக் கொட்டி, மீண்டும் பாடுவார்கள். பின்னர் நாகூர் ஈ.எம்.ஹனீபா (1925–2015) அவர்களின் குரல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறிக் கல்யாண வீட்டுப் பந்தல்தோறும் ஒலித்தது. மைக் இல்லாவிடினும் ஊர்க்கோடி வரை எட்டக்கூடிய கம்பீரக் குரல் அது. அவரை மட்டும் இழந்துவிடாமல் வைத்திருக்கின்றோம். ஏனென்றால் அவர் பதிவு செய்யப்பட்டார்.

பதிவு செய்யப்படாதவர்கள்? நம்மைப் பெற்ற தாயார் எழுதப் படிக்க அறியாதவர்கள். பெண்புத்தி மாலையையும் முனாஜாத்துகளையும் செவிவழியே பாடம் செய்து, நெல் புடைக்கும்போதும் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போதும் பாடுவார்கள். சில அடிகளில் தொண்டை தழுதழுத்து நின்றுவிடும். முறத்தின் ஓசை மட்டும் தொடரும். பிறகு குரல் வந்து சேர்ந்துகொள்ளும். அச்சிட்ட மாலை இன்று நம் அலமாரியில் இருக்கின்றது. அதில் எல்லா அடிகளும் உள்ளன. அந்த நிறுத்தம் இல்லை. கடல் கடந்த ஒருவரின் மூச்சு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் செவிக்கு எட்டுகின்றது. நமக்குப் பாலூட்டியவர்களின் மூச்சு எட்டவில்லை. அந்நாளில் நம் வீட்டில் பதிவுக்கருவி ஏது?

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கருவி இருக்கின்றது. பிள்ளைகளின் காதில் அது மாட்டிக் கிடக்கின்றது. அதனைக் கடிந்து பயனில்லை. ஒரு வேலை கொடுப்போம். பாட்டியார், நன்னிமார், பெத்தம்மாமார் இன்னும் ஹயாத்தோடு இருக்கும் வீடுகளில், அவர்களுக்கு மனப்பாடமாக உள்ள மாலையோ முனாஜாத்தோ தாலாட்டோ எதுவாயினும், அதனை அவர்கள் குரலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருமல் வந்தாலும் இடையில் நிறுத்த வேண்டா. அடி மறந்து நின்றாலும் திருத்த வேண்டா. பாடியவர் பெயரும் ஊரும் நாளும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லப்படட்டும். வீட்டில் சீறா இருந்தால் மஃரிபுக்குப் பின் நாளொரு விருத்தம் பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பொருள் தெரியாத சொல்லில் அவர்கள் தடுமாறுவார்கள். அப்போது பெரியவர் ஒருவர் அச்சொல்லை எடுத்துச் சொல்ல, பிள்ளை திரும்பச் சொல்லட்டும். உஸ்தாதின் வாயிலிருந்து மாணவனின் வாய்க்குக் கல்வி வந்து சேர்ந்த வழி அதுவே.