கோஹிமாவுக்குக் கொண்டுபோன சிப்பாய்கள்

கோடை விடுமுறையில் மலைப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையும், காப்பிப் பொடியும், ஊறுகாய் ஜாடியும் கட்டிக்கொண்டு போவது வழக்கம். 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் நாங்கள் நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் புறப்பட்டபோது இவற்றோடு 24 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு போனோம். வாசகர்கள் பயப்பட வேண்டாம். எல்லோரும் பிளாஸ்டிக் பொம்மைகள். உண்மையான மனிதனுக்கு 72-இல் ஒரு பங்கு அளவில் வார்க்கப்பட்டவர்கள். எவனும் ஓர் அங்குலத்துக்கு மேல் உயரமில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியக் காலாட்படை வீரர்கள் இருந்த கோலத்தில், தலைப்பாகையும் துப்பாக்கியுமாக அவர்கள் இருந்தார்கள். ஆனால் தலை முதல் கால் வரை ஒரே சாம்பல் நிறம். வர்ணம் தீட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. சோப்பு ஜலத்தில் கழுவி, அடிப்பூச்சு கொடுத்து, முகம், உடுப்பு, துப்பாக்கிக் கட்டை என்று ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். பிறகு மிகவும் நீர்த்த பழுப்பு வர்ணத்தை மேலே ஓட விட்டால், அது மடிப்புகளில் தங்கி நிழலாகிறது. கடைசியில், ஏறக்குறைய உலர்ந்துபோன தூரிகையால் மேடுகளை மட்டும் தடவினால் அங்கே வெளிச்சம் விழுகிறது. அதற்குப் பிறகுதான் பொம்மைக்கு உயிர் வருகிறது. எங்கள் பன்னிரண்டு வயதுப் பையன் ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன எங்கள் இருவரையும் அது தொற்றிக்கொண்டது. மாலைக்கு மூன்று பேர் வீதம் எட்டு மாலைகளில் படை தயாராகிவிடும் என்று திட்டம்.

திமாப்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் கோஹிமா 74 கிலோமீட்டர். சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மூங்கில் புதர்களும், படிப்படியாய் வெட்டிய வயல்களும், பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு தூங்கும் மேகங்களும் ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய காட்சியாகத் தோன்றுகின்றன. பச்சையில் இத்தனை ஜாதி உண்டு என்பதை அந்தச் சாலையில்தான் தெரிந்துகொண்டோம். பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் மூங்கிலின் பச்சை, வயலின் பச்சை, தூரத்து மலையின் பச்சை என்று பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே வந்தான்.

கோஹிமா பட்டணத்தின் நடுவே ஒரு குன்று. அதன் படிகளில் இன்று அழகான பூந்தோட்டமாய் விளங்குவது யுத்த மயானம். 1944 ஏப்ரலில் ஜப்பானியரின் 31-ஆவது டிவிஷன் இந்தக் குன்றைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களிலும் ஆயிரம் பேருக்குமேல் போர் வீரர்கள் அல்ல. ஆங்கிலேயப் பட்டாளம் ஒன்றும், அஸ்ஸாம் ரெஜிமெண்டும், அஸ்ஸாம் ரைபிள்ஸும் இரண்டு வாரத்துக்கு மேல் அதைக் கைவிடாமல் காத்தன. டிபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானமே போர்க்களமாயிற்று. மைதானத்தின் ஒரு பக்கம் இவர்கள், மறு பக்கம் அவர்கள். பந்து பறந்த இடத்தில் கைக்குண்டு பறந்தது. பங்களா இன்று இல்லை. மைதானத்தின் கோடுகளை மட்டும் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் வேலையை விடுமுறையிலும் விட முடிகிறதா? டென்னிஸ் மைதானத்தின் நீளம் 78 அடி, அகலம் 36 அடி. எங்கள் பொம்மைகளின் அளவுக்கு அதைச் சுருக்கினால் 13 அங்குல நீளம், 6 அங்குல அகலம். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிடச் சற்று நீண்ட ஒரு பலகை, அவ்வளவுதான். அந்தப் பலகைக்காக எத்தனை பேர் மாண்டார்கள்! மயானத்தில் 1,420 கல்லறைகள். மேலே, தகனம் செய்யப்பட்ட ஹிந்து, சீக்கிய வீரர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னத்தில் 917 பெயர்கள். ஆக 2,337. ஒரு விடுமுறைக்கு 24 பொம்மை வீதம் தீட்டினால், 97 விடுமுறைகள் கழிந்த பிறகும் 9 பேர் வர்ணமில்லாமல் நிற்பார்கள். இதில் ஜப்பானியர் கணக்கு சேரவில்லை. பையன் இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுவிட்டு, அன்று மாலை மூன்று பொம்மைகளையும் வழக்கத்தைவிட மெதுவாகத் தீட்டினான்.

பன்னிரண்டு பேருக்குக் காட்டுப் பச்சை உடுப்பு. 1943-லிருந்து இந்தியச் சேனை காக்கியை விட்டு இந்த நிறத்துக்கு மாறத் தொடங்கியது. பர்மா எல்லைக் காட்டில் காக்கி பளிச்சென்று தெரிந்து காட்டிக் கொடுத்துவிடும். புதிய துணி வந்து சேராத இடங்களில் பழைய காக்கியையே பச்சைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டார்கள்.

மற்றப் பன்னிரண்டு பேர் யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் தெற்கே, இம்பாலுக்கும் அதற்கு அப்பாலும் போனோம். இம்பாலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் மொய்ராங் என்ற ஊர். 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி, கர்னல் ஷௌகத் மாலிக் தலைமையில் வந்த இந்திய தேசிய ராணுவத்தினர் அங்கே சுதந்திரக் கொடியை ஏற்றினார்கள். அந்த ஊரில் இப்போது அவர்களுடைய நினைவுக் காட்சிசாலை இருக்கிறது.

பக்கத்திலேயே லோக்டாக் ஏரி. நீரின்மேல் பச்சை வட்டங்களாகச் செடி கொடிகள் திரண்டு மிதக்கின்றன. மிதக்கும் அந்தத் திட்டுகளின்மேல் செம்படவர்களின் குடிசைகள்! செந்த்ரா குன்றின்மேல் நின்று சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தபோது, இந்தக் கரையிலும் மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்பதை நம்புவது கஷ்டமாயிருந்தது.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு எழுந்த படை அது. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்து தலைமை ஏற்றபின், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களும் திரளாக அதில் சேர்ந்தார்கள். இம்பால் போர்முனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். குண்டைவிடப் பசியும் மலேரியாவுமே அவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோயின. கோஹிமாவில் இருப்பது போல ஆளுக்கொரு கல் என்ற வரிசை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இவர்களுக்கு வர்ணம் தீட்ட வேறு பொம்மை வாங்க அவசியமே இருக்கவில்லை. அதே முகம், அதே துப்பாக்கி. உடுப்பும் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற காக்கிதான். காக்கிச் சிமிழில் பச்சையைக் கலந்தால் ஒரு சேனை. கலக்காவிட்டால் மற்றொரு சேனை.

மொய்ராங்கிலிருந்து திரும்பிய இரவு, பையன் இரு வரிசைகளையும் மேஜைமேல் எதிரெதிரே நிறுத்தினான்.

"அப்பா, இதில் நம்மவர்கள் யார்?" என்று கேட்டான்.

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவனுடைய அம்மாதான் சொன்னாள்: "முகத்துக்கெல்லாம் ஒரே சிமிழிலிருந்துதானேடா எடுத்தாய்?"

அழகான பதில்தான். ஆனால் சரித்திரம் அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் ஏற்றுக்கொண்ட பிரமாணத்துக்காகவும், தன் பக்கத்தில் நின்ற தோழனுக்காகவும் குன்றைக் காத்தான். மற்றவன் அந்தப் பிரமாணத்தைவிடத் தேசம் பெரிது என்று காட்டைக் கடந்து வந்தான். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் ஸேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது தேசமே கொந்தளித்தது. 1946 ஜனவரியில் அவர்களுடைய தண்டனை ரத்தாயிற்று. ஆயினும், சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் படையினர் சேனையில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. தியாகிகளுக்கான பென்ஷனும் 1972-இல்தான் வந்தது. நம்மவர் என்று சொல்வது சுலபம். சொன்னபடி நடப்பதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

பிரயாணத்தின் கடைசி நாள் மைபம் லோக்பாசிங் குன்றுக்குப் போனோம். இம்பாலுக்குத் தெற்கே 17 கிலோமீட்டரில் உள்ள அந்தக் குன்றின் அடிவாரத்தில், மாண்டவர்களின் நினைவாக ஜப்பானியர் 1994-இல் ஒரு சமாதானச் சின்னம் அமைத்திருக்கிறார்கள். அதன் அருகே 2019-இல் ஒரு சமாதானக் காட்சிசாலையும் திறக்கப்பட்டது. எதிரியாக வந்தவர்களுக்கும் அழுவதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கும் அந்த மண்ணை வணங்கத் தோன்றியது. அந்த மண்ணுக்கே மறு வருஷம் சோதனை வந்தது. 2023 மே மாதத்தில் மணிப்பூரில் இனக் கலவரம் மூண்டு, நாங்கள் நிம்மதியாகப் போய்வந்த சாலையிலும் போக்குவரத்துத் தடைப்பட்டது. பக்கத்து ஊர்க்காரன் 'நம்மவனா, எதிரியா' என்ற கேள்வி அங்கே மறுபடியும் எழுந்ததைப் பத்திரிகைகளில் படித்தபோது, எங்கள் மேஜைமேல் நின்ற இரு வரிசைகள்தாம் ஞாபகத்துக்கு வந்தன.

குழந்தைகளுக்குச் சிப்பாய்ப் பொம்மை கொடுக்கலாமா, அது யுத்த வெறியை வளர்க்காதா என்று சில நண்பர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. வெறும் பொம்மையைக் கொடுத்தால் ஒருவேளை வளர்க்கலாம். வர்ணமும் தூரிகையும் சேர்த்துக் கொடுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். ஓர் அங்குல மனிதனின் முகத்தை அரை மணி நேரம் உற்றுப் பார்த்துத் தீட்டியவனுக்கு, அவனைச் சுட்டுத் தள்ளி விளையாட அவ்வளவு எளிதில் மனம் வராது. கூடுமானால், அந்த மனிதன் நின்ற மலைக்கும் ஒரு தடவை அழைத்துக்கொண்டு போங்கள்.