அடுப்பு மேடை

அம்மா 50 வருஷம் தரையில் உட்கார்ந்து சமைத்தவள். முழங்கால் போன பிறகுதான் எங்கள் வீட்டில் மேடை என்ற பேச்சு எழுந்தது. கிரானைட் விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதே கடையின் பின்புறம், மூளி விழுந்த கடப்பைப் பலகைகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. 2 அடி அகலத்தில், 3 அடி நீளம் தேறும் துண்டுகள் இரண்டைப் பேரம் பேசி வாங்கினேன். வேலையை நானே செய்வதாக முடிவு. சிக்கனம் பாதிக் காரணம். வார்த்தைகளோடு மட்டும் காலம் தள்ளுகிறவனுக்குக் கையால் எதையாவது செய்து பார்த்துவிடும் சபலம், மீதி.

கடப்பை ஆந்திரத்துச் சுண்ணாம்புக் கல். படிவப் பாறையாதலால் பலகை பலகையாகப் பிளந்து வரும். கிரானைட்டைவிட மெது, அரைகுறையின் கைக்கும் அடங்கும். ஆனால் எலுமிச்சையோ புளித்தண்ணீரோ பட்ட இடம் வெளிறிவிடும். அமிலம் கல்லையே அரிக்கிறது, துடைத்தால் போகாது. வாடகை மெஷினில் வைர பிளேடு போட்டு, நனைக்காமல் அறுக்கத் தொடங்கினேன். இரண்டு அங்குலத்துக்குள் வீடு முழுக்கத் தூசி. பிறகு தண்ணீர் விட்டே அறுத்தேன். கல் அறுத்துப் பிழைப்பவர்களின் நுரையீரலில் தங்கி மூச்சைத் தின்பது இந்த மாதிரித் தூசிதான். எனக்கு ஒரு நாள் இருமலோடு போயிற்று.

மூன்று செங்கல் சுவர்கள். பலகைகள் சேரும் இடம் நடுச்சுவரின் மேல் வரவேண்டும்; அந்தரத்தில் விட்டால் உடையும். முன் விளிம்பை 120, 220, 400 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். உயரம், புத்தகத்தில் போட்டிருந்தபடி 34 அங்குலம். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு கவிதையை முடித்தபோதுகூட இவ்வளவு கர்வப்பட்டதில்லை.

மூன்றாம் நாள் சமையலறைக்குள் போனேன். அம்மா மணைமேல் ஏறி நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை வருஷம் உட்கார்ந்து சமைத்த அதே மணை. மேடைமேல் அடுப்பு, அடுப்பின்மேல் பாத்திரம். அவள் 4 அடி 8 அங்குலம். கொதிப்பதைப் பார்க்க எட்ட வேண்டியிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த முழங்காலோடு ஏறி, இறங்கி.

"ஏம்மா சொல்லலை?"

"கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கியேடா."

கல்லை அளந்தேன், சுவரை அளந்தேன், மட்டம் பார்த்தேன். அவளை அளக்கவில்லை. நிற்பவரின் முழங்கைக்குச் சில அங்குலம் கீழே மேடை இருந்தால் போதும். இதற்குப் புத்தகம் வேண்டாம். அவளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

பலகைகளைப் பெயர்த்து, இரண்டு வரிசைச் செங்கலை எடுத்தேன். பெயர்க்கும்போது ஒரு பலகை குறுக்கே விண்டது. விரிசலுக்கு அடியில் நாலாவது சுவர் ஒன்று வைத்தேன். திட்டத்தில் இல்லாத சுவர். இப்போது உயரம் 28 அங்குலம். மணை மறுபடி தரைக்குப் போய்விட்டது.

போன வாரம் வந்த நண்பர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, மேடை ரொம்பத் தாழ்வு என்று அபிப்பிராயம் சொன்னார். அவர் 5 அடி 8 அங்குலம். சமைக்கிற வழக்கம் இல்லை.