அமெரிக்கத் தேர்தல் தடத்தில் – 4: மிசௌரி ஆற்றின் இரு கரைகள்

சென்ற பகுதியில் சிகாகோவில் நின்ற இத்தொடரின் தடம் இப்போது மேற்கே திரும்பி, அயோவா மாநிலத் தலைநகரான டெ மொய்னிலிருந்து நெப்ராஸ்காவின் ஓமஹா நகரம் வரை, 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் செல்கிறது. இடையில் பெரிய நகரம் எதுவும் இல்லை. சாலையின் இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி வர, அவற்றின் மேல் காற்றாலைகள் சுழல்கின்றன; அடேர் என்னும் சிற்றூரில், சிரித்த முகம் தீட்டிய மஞ்சள் நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று பயணிகளின் கண்ணில் படுகிறது. வெளித்தோற்றத்தில் இவ்வளவு சலிப்பூட்டும் இந்த இரண்டு மணி நேரச் சாலை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை அறிய விரும்புவோருக்கு வாஷிங்டன் நகரத்தைவிட மிகுதியாகக் கற்பிக்கக்கூடும். ஒரு வாக்காளரைத் தேடி வேட்பாளர் வருவாரா, வரமாட்டாரா என்பது அந்த வாக்காளர் வாழும் மாநிலத்தின் விதியையும், அங்கே வாக்களிப்பு நடைபெறும் நாளையும் பொறுத்தது என்பது இச்சாலையின் இரு முனைகளிலும் இருவேறு விதமாக வெளிப்படுகிறது.

அயோவாவின் முக்கியத்துவம் யாரும் திட்டமிட்டு வழங்கியதன்று. 1968ஆம் ஆண்டு சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு கலவரத்தில் முடிந்தபின், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சித் தலைவர்களின் மூடிய அறைகளிலிருந்து வெளியே கொண்டுவர விதிகள் திருத்தப்பட்டன. ஒவ்வொரு கட்டக் கூட்டத்துக்கும் முன்னறிவிப்பும் போதிய இடைவெளியும் வேண்டும் என்றாயிற்று. அயோவாவின் முறையோ வட்டம், கவுண்டி, நாடாளுமன்றத் தொகுதி, மாநிலம் என நான்கு படிகள் கொண்டது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு. அயோவாவில் அவை 99 உள்ளன. நான்கு படிகளையும் உரிய இடைவெளிவிட்டு முடிக்க வேண்டுமானால் முதற்படியை ஜனவரியிலேயே தொடங்கியாக வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கில், 1972இல் அம்மாநிலம் நாட்டின் முதல் களமாயிற்று. 1976இல் அவ்வளவாக அறியப்படாத ஜிம்மி கார்ட்டர் அங்கே மற்ற வேட்பாளர்களை முந்தியபோது பத்திரிகைகள் அதைப் பெரிய வெற்றியாக எழுதின. அன்று அவரைவிட மிகுந்த ஆதரவு பெற்றது 'எவருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற தரப்பு என்பது தலைப்புச் செய்திகளில் மறைந்துபோயிற்று. ஊர் பேர் தெரியாத ஒருவர் அயோவாவில் வென்று வெள்ளை மாளிகை வரை செல்லலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அம்மாநிலத்துக்கு வாழ்வளித்தது.

அங்கு நடப்பது வழக்கமான வாக்குப்பதிவன்று. 'காக்கஸ்' எனப்படும் கட்சிக் கூட்டம். குளிர்கால இரவொன்றில், மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 1,700 வட்டங்களில், பள்ளி விளையாட்டரங்கிலோ தேவாலய மண்டபத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ கட்சியினர் கூடுகின்றனர். குடியரசுக் கட்சியினர் வேட்பாளர் சார்பாகப் பேசுவோரைக் கேட்டபின் துண்டுச்சீட்டில் பெயரெழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கின்றனர். ஜனநாயகக் கட்சியினரின் பழைய முறை இதைவிடச் சுவையானது. ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் மண்டபத்தின் ஒவ்வொரு மூலையில் ஒதுங்கி நிற்க, தலைகள் எண்ணப்படும். பெரும்பாலான வட்டங்களில் 15 விழுக்காட்டை எட்டாத குழு கலைந்து வேறொரு குழுவில் சேர வேண்டும். அவர்களைத் தம் பக்கம் இழுக்க அண்டை வீட்டார், ஆசிரியர், உறவினர் என அனைவரும் அனைவர் கண்முன்னும் வாதாடுவர். இரவுப்பணியில் இருப்போரும் குழந்தையை விட்டுவர இயலாதோரும் இக்கூட்டத்துக்கு வர வழியில்லை என்ற குறை நெடுங்காலம் இருந்துவந்தது. இரகசிய வாக்குரிமையை மக்களாட்சியின் அடிப்படை எனப் போற்றும் நாடு, தன் தலைவரைத் தேடும் முதல் சுற்றை இப்படி வெளிப்படையாக வைத்திருந்தது வியப்புக்குரியதே.

பங்கேற்போர் சிலரே என்பதால் அவர்களை நேரில் சந்திப்பதே வேட்பாளர்களின் வேலையாயிற்று. ஆகஸ்டில் டெ மொய்னில் நடைபெறும் மாநிலக் கண்காட்சியில், வெண்ணெயில் வடித்த முழுவுருவப் பசுவைப் பார்வையிடுவதும், குச்சியில் செருகிய பன்றியிறைச்சித் துண்டை ஒளிப்படக் கருவிகளின் முன் கடிப்பதும் எழுதப்படாத கடமைகள். பார்வையாளர்கள் தாம் விரும்பும் வேட்பாளரின் குடுவையில் மக்காச்சோள மணியை இட்டு விளையாட்டு வாக்களிப்பதும் அங்கே உண்டு. ஆண்டுதோறும் 99 கவுண்டிகளுக்கும் சென்றுவரும் மேலவை உறுப்பினர் சக் கிராஸ்லியின் பெயரால், அவ்வாறு மாநிலம் முழுவதும் சுற்றி முடிப்பதை 'முழு கிராஸ்லி' என்றே உள்ளூர் அரசியலார் அழைக்கின்றனர்.

ஆனால் நேரில் சந்திப்பது மட்டும் போதுமா, கதவைத் தட்டுவது யார் என்பதும் முக்கியமா என்ற கேள்விக்கு 2004ஆம் ஆண்டு தெளிவான விடை தந்தது. வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன், ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்த ஆயிரக்கணக்கான வெளிமாநிலத் தொண்டர்களை அயோவாவில் இறக்கினார்; முடிவில் அவர் மூன்றாம் இடத்துக்குச் சரிய, ஜான் கெர்ரி வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் பராக் ஒபாமாவின் குழு வேறு வழியில் சென்றது. மாநிலம் முழுவதும் அலுவலகங்களைத் திறந்து, அந்தந்த ஊர்க்காரரையே வட்டப் பொறுப்பாளராக்கி, நவம்பருக்குள் 18 வயது நிரம்பவிருக்கும் 17 வயதினரும் காக்கஸில் பங்கேற்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் அது திரட்டியது. 2004இல் ஏறத்தாழ 1.24 லட்சமாக இருந்த ஜனநாயகக் கட்சியின் வருகை 2008 ஜனவரி 3 அன்று 2.4 லட்சத்தை நெருங்கியது, ஒபாமா 37.6 விழுக்காடு பெற, ஹிலாரி கிளின்டன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

வாக்காளர் நடத்தையை ஆராயும் அரசியல் அறிஞர்கள் இதே காலத்தில் நேரில் சென்று பேசுவதன் பயனை அளந்தும் பார்த்தனர். ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகிய இருவரும் நியூ ஹேவன் நகரில் 1998இல் நடத்திய களச்சோதனை, வீட்டுக்குச் சென்று பேசுவது வாக்குப்பதிவை உயர்த்துகிறது என்றும் கூலிக்கு அமர்த்தியோரின் தொலைபேசி அழைப்பால் அந்தப் பயன் இல்லை என்றும் காட்டியது. மிச்சிகனில் 2006இல் நடந்த அடுத்த சோதனை சற்றுக் கூச்சம் தருவது. ஒருவர் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தாரா என்ற விவரத்தையும், அவருடைய அண்டை வீட்டார் வாக்களித்தனரா என்பதையும் கடிதத்தில் அச்சிட்டு, தேர்தலுக்குப்பின் புதிய பட்டியலும் வரும் என்று தெரிவித்தபோது, வாக்குப்பதிவு ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. (யார் வாக்களித்தார் என்ற பதிவை அந்நாட்டில் கட்சிகள் பெற முடியும், யாருக்கு என்பதே இரகசியம்.) அச்சோதனையை நடத்திய மூவரில் ஒருவரான கிறிஸ்டோபர் லாரிமர், வடக்கு அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர். பத்தாண்டுகள் கழித்து, 2016 காக்கஸுக்கு முன், குடியரசுக் கட்சி வேட்பாளர் டெட் குரூஸின் பரப்புரைக் குழு இதே உத்தியைக் கையாண்டு, 'வாக்களிப்பு விதிமீறல்' என்ற தலைப்புடன் அண்டை வீட்டாரின் பெயர்களும் மதிப்பெண்களும் கொண்ட கடிதங்களை அயோவா வீடுகளுக்கு அனுப்பிற்று. அப்படியொரு விதிமீறலே சட்டத்தில் இல்லை என்று மாநிலச் செயலர் பால் பேட் கண்டித்தார். ஆய்வுக்கூடத்தில் பிறந்த உத்தி வெளியே வந்ததும் மிரட்டலாக மாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. மக்காச்சோள எத்தனால் சலுகைகளை எதிர்த்தவர் இம்மாநிலத்தில் கரையேற முடியாது என்ற பழைய நம்பிக்கையையும், ஆளுநர் டெரி பிரான்ஸ்டாடின் வெளிப்படையான எதிர்ப்பையும் மீறிக் குரூஸ் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காக்கஸின் சரிவுக்குக் காரணம் வாக்கு எண்ணிக்கையில் நேர்ந்த குளறுபடிகளே. 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டு, இரு வாரங்களுக்குப்பின் ரிக் சாண்டோரம் 34 வாக்குகள் முன்னிலையில் இருந்தது தெரியவந்தது. 2020இல் முடிவுகளை அனுப்ப உருவாக்கிய கைப்பேசிச் செயலி பழுதாகி, ஜனநாயகக் கட்சியின் முடிவு பல நாட்கள் தாமதமாயிற்று. அக்கட்சி 2024இல் தென் கரோலினாவை முன்னே நிறுத்தி, அயோவாவில் அஞ்சல்வழி விருப்பச் சீட்டு முறைக்கு மாறியது. குடியரசுக் கட்சி பழைய முறையிலேயே 2024 ஜனவரி 15 அன்று கடுங்குளிரில் கூடியது. ரான் டிசாண்டிஸ் முழு கிராஸ்லியை முடித்திருந்தார். கேரளத்தின் பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமியோ அதை இருமுறை முடித்திருந்தார். 51 விழுக்காடு பெற்று 99 கவுண்டிகளில் 98ஐக் கைப்பற்றியவர், அவர்கள் அளவுக்குச் சுற்றாத டொனால்ட் டிரம்ப். ராமசாமிக்கு 8 விழுக்காடுகூடக் கிட்டவில்லை. நாடறிந்த முகத்தின் முன் 99 ஊர்த் தேநீர்க்கடைகளின் கைகுலுக்கல்கள் எடுபடவில்லை.

பொதுத்தேர்தலில் அயோவாவின் நிலை இன்னும் மெலிந்துவிட்டது. அமெரிக்காவில் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் 538 தேர்வாளர்கள்; 270 பேரின் ஆதரவு பெற்றவரே வெற்றியாளர். மாநிலத்தில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் என்பது 48 மாநிலங்களின் விதி. ஒபாமாவை இருமுறை ஆதரித்த அயோவாவின் 31 கவுண்டிகள் 2016இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. வடகிழக்கிலுள்ள ஹோவர்ட் கவுண்டி, 2012இல் 20 புள்ளிகளுக்கு மேல் ஒருபுறமும் நான்கே ஆண்டுகளில் அதேயளவு மறுபுறமும் சரிந்தது. 2024இல் டிரம்பின் முன்னிலை 13 புள்ளிகள். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு வெளிவந்த, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் 3 புள்ளிகள் முன்னிலை என்று கூறிய ஆன் செல்சரின் கருத்துக்கணிப்பு, பல ஆண்டுகள் பிழையற்றுக் கணித்த அவருடைய பெயருக்கே ஊறாயிற்று. முடிவு தெரிந்த மாநிலத்தில் அக்டோபர் மாதத்தில் எவரும் பணம் செலவிடுவதில்லை.

சாலை மேற்கே செல்லச் செல்ல சமவெளி முடிந்து, காற்றடித்துக் குவித்த வண்டல் மண்ணாலான லோயெஸ் குன்றுகள் எழுகின்றன. அவற்றின் அடியில் கவுன்சில் பிளஃப்ஸ், அதற்கப்பால் மிசௌரி ஆறு. அக்கரையில் ஓமஹா. 2008இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 900 மீட்டர் நீள நடைபாலம் இரு நகரங்களையும் இணைக்கிறது. அதற்குப் பெயர் தந்த பாப் கெர்ரி, நெப்ராஸ்காவின் முன்னாள் ஆளுநர், 1992இல் தலைவர் வேட்பாளராக முயன்றவர். பாலத்தின் நடுவே மாநில எல்லைக் கோடு குறிக்கப்பட்டிருக்க, வருவோர் ஆளுக்கொரு காலை ஒவ்வொரு மாநிலத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்கின்றனர். அக்கோட்டின் கிழக்கே இடும் வாக்கு, முடிவு தெரிந்த கணக்கில் சேர்கிறது. மேற்கே இடும் வாக்கு நாட்டின் தலைவிதியையே மாற்றக்கூடும். ஆனால் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு எல்லைக் கோடு இல்லாததால், ஓமஹா வாக்காளருக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டு ஒளிபரப்பும் விளம்பரங்களைத் தென்மேற்கு அயோவா மக்களும் பயனின்றிப் பார்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம், நெப்ராஸ்கா 1991இல் இயற்றி 1992 தேர்தலிலிருந்து நடைமுறைப்படுத்திய சட்டம். அதன் 5 தேர்வாளரில் இருவர் மாநில அளவில் வென்றவருக்கும், மற்ற மூவர் தொகுதிக்கு ஒருவராக அந்தந்தத் தொகுதியில் வென்றவருக்கும் செல்வர். மெய்ன் மாநிலம் மட்டுமே இதே வழியில் முன்னரே செல்லத் தொடங்கியிருந்தது. வேட்பாளர்கள் எட்டிப்பார்க்காத மாநிலத்தைக் கவனிக்கவைப்பதே சட்டத்தின் நோக்கம். பலன் வர 2008 வரை காத்திருக்க நேர்ந்தது: ஓமஹாவை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதியை ஒபாமா வென்றபோது, 1964க்குப்பின் முதன்முறையாக நெப்ராஸ்காவிலிருந்து ஜனநாயகக் கட்சிக்கு ஒரு தேர்வாளர் கிடைத்தார். அதன்பின் மாநிலச் சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையினர் 2011இலும் 2021இலும் தொகுதி எல்லைகளைத் தமக்கு ஏற்ப மாற்றியும் 2020இல் ஜோ பைடனும் 2024இல் ஹாரிஸும் அங்கே வென்றனர். அதே வாக்காளர்கள் அவ்விரு ஆண்டுகளிலும் பிரதிநிதிகள் அவைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேகனை அனுப்பியதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரே வாக்குச்சீட்டில் ஒரு பதவிக்கு ஒரு கட்சியையும் வேறொன்றுக்கு மறு கட்சியையும் தேர்வுசெய்யும் இப்பிரித்த வாக்கு, நாடு முழுவதும் அருகிவரும் பழக்கம். ஓமஹாவின் புறநகர்களில் அது இன்னும் முடிவுகளைத் தீர்மானிக்கிறது. 2024 இலையுதிர்காலத்தில் அந்நகர வீட்டு முற்றங்களில், எழுத்தே இல்லாமல் வெள்ளைப் பரப்பில் ஒரு நீலப் புள்ளி மட்டும் தீட்டிய பலகைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. குடியரசுக் கட்சியின் செந்நிற மாநிலத்தின் நடுவே ஜனநாயகக் கட்சியின் நீலமாகத் தாம் இருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

அப்புள்ளியின் கனம் எளிய கூட்டலில் தெரியவரும். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் ஹாரிஸ் வென்று, தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஊசலாடும் மாநிலங்களை இழந்திருந்தால், அவர் கணக்கு ஓமஹா இல்லாமல் 269, ஓமஹாவுடன் 270. எனவே செப்டம்பரில் குடியரசுக் கட்சி மேலவை உறுப்பினர் லிண்ட்சி கிரஹாம் தென் கரோலினாவிலிருந்து நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனுக்கு வந்து, பழைய முழுமாநில விதிக்குத் திரும்புமாறு மாநிலச் சட்டமன்றத்தாரை வற்புறுத்தினார். மெய்ன் பதிலடியாகத் தன் விதியை மாற்றலாமே என்ற அச்சமும் அப்போது இல்லை. அம்மாநிலத்தில் சாதாரணச் சட்டம் 90 நாட்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் என்பதால் காலம் கடந்துவிட்டிருந்தது. 49 உறுப்பினர் கொண்ட ஒற்றை அவையில் எதிர்த்தரப்பின் தடைப்பேச்சை முறியடிக்க 33 பேர் வேண்டும். ஓமஹா தீயணைப்பாளர் சங்கத்தின் முன்னாள் தலைவரும், அவ்வாண்டுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து மாறியவருமான மைக் மெக்டானல், தேர்தலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் விதியை மாற்ற உடன்படமாட்டேன் என்று அறிவித்ததும் ஆளுநர் ஜிம் பில்லன் சிறப்புக் கூட்டத் திட்டத்தைக் கைவிட்டார். டிரம்ப் ஏழு ஊசலாடும் மாநிலங்களையும் வென்றதால் அந்த ஒற்றைத் தேர்வாளரால் எதுவும் மாறவில்லை என்பது பின்னால் தெரிந்த செய்தி.

269க்கு 269 என்ற சமநிலை வந்திருந்தால் அரசமைப்பின்படி முடிவு பிரதிநிதிகள் அவைக்குச் சென்றிருக்கும். 1824 தேர்தலில் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முந்திய ஆண்ட்ரூ ஜாக்சனை விடுத்து ஜான் குவின்சி ஆடம்ஸ் தேர்வானது அவ்வழியில்தான். அங்கே உறுப்பினர்கள் தனித்தனியே வாக்களிப்பதில்லை. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, வெற்றிக்கு 26. 52 உறுப்பினர் கொண்ட கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, நால்வர் கொண்ட அயோவாவுக்கும் ஒன்று, ஓமஹாவின் பேகனையும் சேர்த்து மூவர் கொண்ட நெப்ராஸ்காவுக்கும் ஒன்று.