செஞ்சிக் கோட்டையின் வரவு - செலவு

எங்கள் பொம்மையார்பாளையத்தில் கடல் இருக்கிறது, படகு இருக்கிறது, பழைய மடம் இருக்கிறது. கோட்டைதான் இல்லை. கோட்டை வேண்டுமென்றால் பாண்டிச்சேரி போய், பஸ் மாறி, திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போக வேண்டும்.

அயர்லாந்தில் பிளார்னி என்று ஒரு கோட்டை. 1446-ல் கட்டியது. உச்சியில் ஒரு கல். மல்லாந்து படுத்து, தலையைத் தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் பேச்சுத் திறமை வருமாம்! இதற்கென்றே டிக்கெட் எடுத்து உலகம் பூராவிலிருந்தும் போகிறார்கள். ஒரே ஒரு கல்லுக்கு! நாமோ மூன்று மலை நிறையக் கல்லை வைத்துக்கொண்டு, "செஞ்சியா? திருவண்ணாமலை போறப்ப பஸ் ஜன்னல்ல பார்த்திருக்கேன்" என்கிறோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி - இதுதான் அந்த மூன்று மலை. மூன்றையும் மதில் போட்டு இணைத்திருக்கிறார்கள். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். ஆயிரம் படிக்கு மேல் ஏற வேண்டும். ஆபீஸில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் லீவு போடுகிற ஆசாமிகள், கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் யானைக் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். மற்றவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். கையில் தண்ணீர் அவசியம். தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் செக்போஸ்ட் வைத்து வசூல் பண்ணுகின்றன.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலையே பிளந்த மாதிரி ஒரு பள்ளம். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது கதை. அந்தப் பக்கம் பத்து பேர் நின்றால் போதும், இந்தப் பக்கம் பட்டாளமே வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெள்ளைக்காரனே 'கிழக்கின் டிராய்' என்று சர்டிபிகேட் கொடுத்தான்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பேன். இவ்வளவு பெரிய சொத்து எத்தனை கை மாறியிருக்கிறது, பாருங்கள். சுமார் 800 வருஷத்துக்கு முன் ஆனந்தக் கோன் ஆரம்பித்தார் என்பது ஊர் வழக்கு. பிறகு விஜயநகரம், நாயக்கர்கள். 1649-ல் பிஜப்பூர். 1677-ல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் 1690-ல் முற்றுகை போட்டார். உள்ளே நுழைந்தது 1698-ல். எட்டு வருஷம்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்.

ஆக, எட்டு வருஷம் தாங்கியதும் இதே மதில்தான், ஒரு ராத்திரியில் விழுந்ததும் இதே மதில்தான். கல்லில் கோளாறு இல்லை, ஸார். உள்ளே நிற்கிற ஆள் யார் என்பதில்தான் எல்லாம்.

இந்த லிஸ்டில் ஒருத்தரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தேசிங்கு ராஜா. நிஜப்பெயர் தேஜ்சிங். அப்பா சொரூப்சிங் செத்ததும் பட்டத்துக்கு வந்தார். அப்பா வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கிக்காக ஆற்காடு நவாப் சதத்துல்லாகான் படையோடு வந்துவிட்டார். தேசிங்குக்கு 22 வயசு. நம்மில் பலர் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைகிற வயசு! கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கலாம். அவரோ சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே போய், ஆயிரக்கணக்கானவர்களோடு மோதினார். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடி வந்த நண்பன் மகமத்கானும் கூடவே நின்று உயிரைக் கொடுத்தான் என்கிறது நாட்டுப்பாட்டு. 1714 அக்டோபரில் தேசிங்கு களத்தில் விழுந்தார். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை.

கணக்குப்படி பார்த்தால் சுத்த நஷ்டம். பாக்கி தீரவில்லை, கோட்டை போச்சு, உயிரும் போச்சு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் அக்கவுன்டன்ஸியில் 'குட்வில்' என்று ஒன்று படித்தோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அது மொத்தமும் இந்த இளைஞன் பேரில்தான் நிற்கிறது. தெருக்கூத்து, கதைப்பாட்டு, 1960-ல் எம்.ஜி.ஆர். படம் வரைக்கும் அதற்கு வட்டி வந்துகொண்டே இருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. இனி வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வருவார்கள். அதற்குமுன் நாம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

வழி தெரியாவிட்டால் கவலை வேண்டாம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "தேசிங்கு ராஜா கோட்டை எங்கேங்க?" என்று கேளுங்கள். டீக்கடைப் பையன்கூடக் கை காட்டுவான்.

"ஜுல்பிகர்கான் கோட்டை எங்கே?" என்று கேட்டுப் பாருங்களேன். "எந்த ஊருங்க அது?" என்பான்!