பௌர்ணமியைக் கேட்டு வீடு பிடியுங்கள்!

ஆற்றங்கரையில் ஒரு வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது, சொல்லுங்கள்! என் பெண்ணுக்கு வியட்நாமில் உத்தியோகம் கிடைத்ததும், அவள் தங்க இடம் பார்த்துக் கொடுக்க நானும் கூடவே புறப்பட்டேன். அது 2025 செப்டம்பர்.

ஊர், ஹோ சி மின் நகரம். 1976-ல் வைத்த பெயர் இது. ஆனாலும் ஊரார் வாயில் இன்னும் ஸைகோன்தான். ஸைகோன் ஆறு வளைந்து, மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறது தாவோ தியென் பேட்டை. பங்களாக்கள், வெளிநாட்டார் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள், மூலைக்கு மூலை காப்பிக் கடை. நம் அடையாறு போட் கிளப் பக்கத்தை நினைத்துக் கொள்ளுங்களேன்! 2024 டிசம்பர் 22-ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஏறினால் நகரின் நடுவில், பென் தான் மார்க்கெட்டில் போய் இறங்கலாம்.

அங்கே 'ஸ்டூடியோ' என்றால் ஒரே அறை. அதிலேயே கட்டில், சோபா, அலமாரி, ஏ.ஸி., மூலையில் சமையல் மேடை எல்லாம் உண்டு. பெட்டியோடு போய்ப் படுத்துவிடலாம்!

தரகுப் பெண் முதலில் காட்டியது ஒரு கீழ்த்தளம். வாசலில் சின்னத் தோட்டம், எட்டிப் பார்த்தால் ஆறு. "அம்மா, இதுதான்! வேறே பார்க்கவே வேண்டாம்" என்று குதித்தாள் என் பெண். ஒரு வருஷ ஒப்பந்தம். இரண்டு மாத வாடகை முன்பணம். நடுவில் காலி செய்தால் முன்பணம் போயிற்று.

நான் அலமாரியைப் பார்த்தேன். மேலே பளபளப்பு; அடிப் பலகை மட்டும் ஊறி உப்பியிருந்தது. எதிர் வீட்டு மதிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறைக் கோடு. அங்கே நின்ற பாட்டியிடம் ஜாடையில் கேட்டேன். அவள் வானத்தில் வட்டமாக நிலாவைப் போட்டுக் காட்டி, அந்தக் கையைத் தன் முழங்காலில் வைத்தாள்!

விஷயம் இதுதான். ஸைகோன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. பேட்டையோ தாழ்ந்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பொங்கும்போது, மழையே இல்லாவிட்டாலும் சாக்கடை வழியாகத் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும்.

"மூன்றாம் மாடியில் பார்க்கலாமடி" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆறு தெரியாத அறை. பால்கனியில் ஒரு துளசித் தொட்டிக்குத்தான் இடம். ஆனாலும் கேட்டுக்கொண்டாள். மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை, போலீஸில் தங்கும் பதிவைச் செய்து தருவாரா என்று வீட்டுக்காரரிடம் விசாரித்த பிறகே கையெழுத்துப் போட்டோம்.

ஊர் திரும்பினேன். நவம்பர் 5, ஐப்பசிப் பௌர்ணமி. அன்னாபிஷேகம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மாலை டெலிபோன் மணி அடித்தது.

"அம்மா, தெருவெல்லாம் தண்ணீர்! அந்தத் தோட்டத்து வீட்டில் வாளியால் இறைக்கிறார்கள்."

"நீ?"

"நான் மாடியில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறேன்."

சகோதரிகளே, சோபாவையும் திரைச்சீலையையும் யாரும் காட்டுவார்கள். நீங்கள் அலமாரியின் அடிப் பலகையைப் பாருங்கள். எதிர் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்!