ஆய்க்குடி தூண்டிலும் அவலாஞ்சி டிரவுட்டும்!

நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி ஒன்று உண்டு. அதன் சேவலுக்குக் கழுத்து இறகின் நுனியில் மெழுகு சொட்டியதுபோல வெளிர்மஞ்சள் புள்ளி இருக்கும். ஒருகாலத்தில் அந்தப் புள்ளிக்காகவே இறகுகள் கப்பலேறி பிரிட்டன் வரை போயின. எதற்குத் தெரியுமா? மீன் பிடிக்க!

தூண்டில் முள்ளில் இறகு, நூல், முடியெல்லாம் சுற்றி ஒரு பூச்சி மாதிரி செய்துவிடுவார்கள். அதற்கு 'ஃப்ளை' என்று பெயர். நம் ஊர் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு எடையே இல்லை. அங்கே கயிறுதான் கனம். அதைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி வீசி, கடைசியில் பூச்சி தானாகத் தண்ணீரில் வந்து உட்கார்ந்ததுபோல இறக்க வேண்டும். டிரவுட் மீனுக்கு அப்படித்தான் வேண்டுமாம். (1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்கோழியைத் தொடவே முடியாது. வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள்.)

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஆய்க்குடியில் இருக்கும் என் பெரியப்பா. முருகன் கோயில் படித்துறையில் படிப்பாயசம் சாப்பிட்ட வயதிலிருந்து அனுமாநதியில் தூண்டில் போடுபவர். பிள்ளை வரம் கேட்டவர்கள் நேர்த்திக்கடனாகக் கல்படியில் பாயசத்தை ஊற்ற, ஊர்ப் பிள்ளைகள் அதை வழித்துச் சாப்பிடும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஒருநாள் என் போனில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஆற்று வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவர், "ஏல, அந்தப் படகுக்காரன் ஏன் திரும்பி உக்காந்து துடுப்பு போடுதான்?" என்றார்.

நல்ல கேள்வி. அது 'டிரிஃப்ட் படகு'. அடி தட்டையாக, இரண்டு முனையும் வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருக்கும். துடுப்பு போடுபவர் ஆறு ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, பின்னோக்கித் தள்ளுவார். அதாவது, ஓட்டுவதற்கு அல்ல, வேகத்தைக் குறைக்கத்தான் துடுப்பு! டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். பூச்சி தண்ணீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் சந்தேகப்பட்டுவிடும். படகும் ஆற்றோடு சேர்ந்து மிதந்தால் ஃப்ளையும் இயல்பாகப் போகும். ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் பாதி தெரியும் என்று நினைக்கிறேன். பாறைக்கு முன்னால் பரிசலை அவர்கள் அடக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

"இந்த மீனு நம்ம பக்கம் கெடையாதா?" என்பது பெரியப்பாவின் அடுத்த கேள்வி. கிடைக்கும், ஆனால் நீலகிரியில். அவ்வளவுதான், தென்காசியில் மேட்டுப்பாளையம் ரயிலைப் பிடித்துவிட்டோம்.

டிரவுட் நீலகிரிக்கு வந்தது ஒரு நெடுங்கதை. 1860-களில், இந்திய மீன்களைப் பற்றி பிற்பாடு பெரிய நூல் எழுதிய டாக்டர் பிரான்சிஸ் டே, இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவரப் பார்த்தார். நடக்கவில்லை. பல வாரக் கப்பல் பயணம், வெயில், மாட்டு வண்டி. முட்டை எப்படித் தாங்கும்? ஆனாலும் வெள்ளைக்காரர்கள் விடவில்லை. மீன் சரியாக வேர்பிடிக்கும் முன்பே, 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். தொட்டில் வாங்கிவைத்துவிட்டுப் பிள்ளைக்குக் காத்திருந்த கதைதான். கடைசியில் எச்.சி.வில்சன் என்ற அதிகாரி காலத்தில் இலங்கையிலிருந்து ரெயின்போ டிரவுட் வந்து பிழைத்தது. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஆரம்பமானது.

பொரிப்பக வேலை பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. சினை மீனின் வயிற்றை மெல்ல நீவி ஈரமில்லாத பாத்திரத்தில் முட்டையை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டு, முட்டை நசுங்காமல் கோழி இறகால் கலக்குவார்கள். பிறகு வெளிச்சம் படாமல், ஓடும் குளிர்நீரில் வாரக்கணக்கில் வைப்பார்கள். "இங்கயும் எறகுதானா!" என்றார்.

ஊட்டியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் அவலாஞ்சி. 1800-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய சரிவுதான் இடத்துக்கே பெயராகிவிட்டது. 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் இங்கேதான். இங்குள்ள ஓடைகளுக்கு டிரிஃப்ட் படகெல்லாம் தேவையில்லை, பல இடங்களில் எட்டு வைத்தால் அக்கரை. பெரியப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் முழங்கை வரை விட்டார். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். "மார்கழி அதிகாலையிலகூட நம்ம ஆறு இப்படிக் கடிக்காது."

அந்தக் கடிதான் டிரவுட்டுக்கு உயிர். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும். 25-ஐ நெருங்கினால் பிழைப்பது கஷ்டம். சூடு ஏற ஏற நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்துவிடும். குற்றாலச் சாரலில் நமக்கு உடம்பு வெடவெடக்கலாம், பங்குனி வெயிலில் அனுமாநதி என்னவாகும்?

"அப்ப நம்ம ஆத்துல விட்டா பொழைக்காதா?"

"பொழைக்காது பெரியப்பா. பொழைக்காததும் நல்லதுதான்."

உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. போன இடத்துச் சிறு மீன்களை அது தின்றுவிடும். நம் தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு கெண்டை இருக்கிறது. 1954-ல் இ.ஜி.சைலாஸ் பதிவு செய்தது. இந்த ஆற்றுப் படுகையை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. மேக்கரையில் அடவிநயினார் அணையைத் தாண்டி வரும் அனுமாநதியும் சிற்றாற்றில் விழுந்து அதே தாமிரபரணிக்குத்தான் போகிறது.

பெரியப்பா அதிக நேரம் பேசவில்லை. ஊட்டி பஸ்ஸில்தான் ஆரம்பித்தார். சின்ன வயதில் ஆரல், உளுவை, அயிரை என்று வகைவகையாகக் கிடைத்ததாம். இப்போது தக்கை அமுங்கினால் பத்துக்கு எட்டு ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். "அதுவும் யாரோ நல்லதுன்னு நெனச்சு விட்டதுதான?" என்றார். அந்தக் கேள்விக்கு என் போனில் தேடிச் சொல்ல எதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம், வீட்டு நாட்டுச் சேவலின் கழுத்து இறகில் தையல் நூல் சுற்றி அவரே ஒரு ஃப்ளை கட்டியிருக்கிறார். பெரியம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். பூச்சி மாதிரி இல்லை, கொஞ்சம் பல்விளக்கும் பிரஷ் மாதிரி இருந்தது. ஜிலேபி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மூன்றாம் நாள் சாயங்காலம் படித்துறைக்குக் கீழே விரல் நீளக் கெண்டை ஒன்று எழும்பிக் கவ்வியிருக்கிறது. விட்டுவிட்டாராம்.