சுண்ணாம்பு காணாத கலயம்

ஒரே பாளையிலிருந்து சொட்டும் நீர் பதநீராவதும் கள்ளாவதும் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பைப் பொறுத்தது. ஆலங்குளத்துச் செம்மண்ணில் பனையேறியின் மகனாகப் பிறந்த எனக்கு, எழுத்தறியும் முன்பே தெரிந்த பாடம் இது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும். நீர் இனிப்பாகவே இருக்கும். தடவாத கலயத்தில், பாளையிலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே இனிப்பை வெறியாக மாற்றத் தொடங்கிவிடும்.

என் தந்தை பாளை சீவிய 1960களில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. எனவே அவர் இறக்கியது பதநீர் என்பதே ஊரார் அறிந்த கணக்கு. ஆனால் பத்துக் கலயங்களுள் இரண்டு, சுண்ணாம்பு காணாமலே மரமேறும். அந்த இரண்டையும் அவர் விற்றதில்லை. அவற்றின் விலையை என் தாயும் நாங்களும் இரவுகளில் செலுத்தினோம். பின்னாளில் கள் போதாமல் சாராயத்திடம் போனார். நான் பள்ளி இறுதி வகுப்பை எட்டுமுன் கல்லீரல் கெட்டு மறைந்தார்.

அன்றிலிருந்து புளித்த வாடை எனக்கு ஆகாது. என் மகனிடம் தாத்தாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம், "நோயால் இறந்தார்" என்ற இரண்டு சொற்களே.

அந்த மகன் இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் பொறியாளன். சென்ற ஆண்டு அவன் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை சமையலறையில் கூம்பு வடிவக் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கண்டேன். உள்ளே கலங்கிய நீர், மேலே நுரை, வாய்ப்புறம் தகடு மூடியிருந்தது. அருகில் சென்றதும் என் தந்தையின் சட்டை வாடை அடித்தது.

"பீர் காய்ச்சப் போகிறேன் அப்பா. இது அதற்கு முன் தயார் செய்யும் ஈஸ்ட்" என்றான். சொந்தப் பயனுக்கு வீட்டில் பீர் காய்ச்ச அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. நம் மாநிலத்திலோ 1987 முதல் கள் இறக்குவதற்கே தடை.

நான் பேசாமல் நின்றேன். அவனோ உற்சாகமாக விளக்கினான். ஒரு லிட்டர் நீரில், முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றை உலர்த்திய தூள் நூறு கிராம் கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் ஈஸ்டை விடவேண்டும். அவ்வப்போது குலுக்கிக் காற்றூட்டினால் ஓரிரு நாளில் அது பன்மடங்கு பெருகும். பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் நிறத்தில் அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, அந்தப் படிவைத்தான் இருபது லிட்டர் சாற்றில் சேர்ப்பார்களாம்.

"நேராகவே சேர்த்தால் என்ன?" என்றேன்.

"லாகர் வகை பீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் புளிக்க வேண்டும் அப்பா. குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் விழிக்கும். கொஞ்சமாகச் சேர்த்தால், அது விழிப்பதற்குள் கெட்ட கிருமிகள் குடியேறிவிடும். முதலில் குடியேறுபவருக்குத்தானே வீடு?"

லாகர் என்னும் சொல்லுக்கே அங்கே சேமித்து வைத்தல் என்று பொருள். புளித்தபின் பல வாரம் கடுங்குளிரில் காத்திருக்க வேண்டுமாம். கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்னும் அறிஞர் 1883-இல் இந்த ஈஸ்டின் ஒரேயொரு உயிரணுவைத் தனியே பிரித்து வளர்த்தார். இது இரண்டு இனங்களின் கலப்பு. ஒரு பெற்றோரின் காட்டு உறவு 2011-இல்தான் தென்னமெரிக்கப் படகோனியக் காடுகளில் அடையாளம் காணப்பட்டது. மற்றப் பெற்றோர் நமக்குப் பழகிய இனமே. ரொட்டியைப் பொங்கச் செய்வதும், பனங்கலயத்தில் கள்ளை நுரைக்கச் செய்வதும் அதுவே.

அதைக் கேட்டதும் என்னை அறியாமல் அமர்ந்துவிட்டேன். அறுபது ஆண்டுகளும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டரும் கடந்து, அதே உயிர் என் மகனின் சமையலறையில் நுரைத்துக்கொண்டிருந்தது.

அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கலயங்களைச் சொன்னேன். தாயின் கையில் இருந்த தழும்பைச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டான்.

உன்னைக் காக்கத்தான் என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மையன்று என்று தோன்றியது. என் மௌனம் நான் தடவிய சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பு பதநீரை நெடுநாள் காப்பதில்லை என்பது பனையேறி மகனுக்குத் தெரியாததா? அன்றன்றே அடுப்பேற்றிக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினால்தான் அது நிலைக்கும். என் தாய் புகையில் கண் கசியச் செய்த அந்த வேலையை, என் துயரத்துக்கு நான் செய்யவே இல்லை.

அன்பர்களே, நம் ஆண்டவர் விண்ணரசை, ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் பொதிந்து வைத்த புளிப்பு மாவுக்கு ஒப்பிட்டார். புனித பவுலோ பழைய புளிப்பு மாவை அகற்றச் சொன்னார். இரண்டும் நம் வேதமே. திருப்பலிப் பீடத்திலும் புளிப்பற்ற அப்பமும், புளித்துப் பக்குவமான திராட்சை இரசமும் அருகருகே இருக்கின்றன. குற்றம் புளிப்பில் இல்லை. எது முதலில் குடியேறுகிறது, யார் விழித்திருந்து காக்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

என் தாய் ஆப்பத்துக்குக் கள் சேர்த்ததே இல்லை. நேற்றைய மாவில் ஓர் அகப்பையை எடுத்து வைப்பார். மறுநாள் மாவு அதனால் பொங்கும். அந்த மனிதரின் வீட்டிலும் நாங்கள் கெட்டுப்போகாமல் வளர்ந்தது, அவர் முந்தி வைத்த அந்த அகப்பை அன்பினால்தான் என்று இப்போது எண்ணுகிறேன்.

மகன் பீர் காய்ச்சுவதை நிறுத்தவில்லை; நிறுத்தும்படி நானும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்து தொலைபேசியில் பேசும்போது, அந்த வாரம் எத்தனை குவளை என்று நான் கேட்காமலே சொல்கிறான். நானும் அவன் கேட்காமலே அவன் தாத்தாவைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம், அவர் உச்சியிலிருந்து பாடிய பாட்டுக் குரல் பக்கத்து விளைவரை கேட்கும் என்று சொன்னேன்.